படகை விற்கும் முன் பரிசோதனை முடிவைக் கொடுங்கள்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் அதிகாரிகளுக்கும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்துகிற அலுவலர்களுக்கும் ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

நான் தங்கச்சிமடத்துக்காரி. ஐஸ் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். மருத்துவம் படித்தவள் இல்லை, ஆனால் வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று சொல்லிவிட்டால், ரிப்போர்ட்டில் இருக்கிற ஒவ்வொரு எழுத்துக்கும் என்ன அர்த்தம் என்று தேடித்தேடிப் படிக்க வேண்டியதாகிவிடுகிறது. எங்கள் மாவட்டத்திலிருந்து அரசுக்குக் கடிதம் போனால் குடிதண்ணீர், இலங்கைக் கடற்படை, பிடிபட்ட படகு என்றுதான் இருக்கும். இந்த மடல் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப், அட்டிசோலிசுமாப், டர்வாலுமாப் என்று வாயில் நுழையாத பெயர் வைத்திருக்கிற, உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே புற்றுநோயைத் தாக்க வைக்கிற இம்யூனோதெரபி ஊசிகளைப் பற்றியது.

கேட்பதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். இந்த ஊசி யாருக்கு வேலை செய்யும் என்று பரிசோதித்துச் சொல்ல அரசு பொறுப்பேற்க வேண்டும், வேலை செய்யும் என்று தெரிந்தவருக்கு எங்கள் மாவட்டத்திலேயே போட வேண்டும், செலவில் காப்பீடு எவ்வளவு தரும் என்பதை எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதி ஒட்ட வேண்டும். எல்லாருக்கும் ஊசி என்று கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதற்கு எங்கள் வீட்டுக் கதையே போதும்.

என் சித்தப்பா விசைப்படகில் காலமெல்லாம் கடலுக்குப் போனவர். இருமல் வந்தது, எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தது, சளியில் கிருமி இல்லை, இருந்தாலும் காசநோயாகத்தான் இருக்கும் என்று மாத்திரையைத் தொடங்கிவிட்டார்கள். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை, ஊர் ஊருக்கு நடப்பதுதான் இது. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் இருமல் நிற்காமல், ஆள் பாதியாகி, கடைசியில் மதுரைக்குப் போய் சி.டி. ஸ்கேன், பயாப்சி எல்லாம் எடுத்தபோது நுரையீரல் அடினோகார்சினோமா, அதாவது நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகை, நான்காம் நிலை என்றார்கள். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில், ஜீன் பரிசோதனை முடிவு வர நாளாகும், அதுவரை காத்திருப்பது ஆபத்து, கீமோவோடு இம்யூனோதெரபி ஊசியையும் சேர்த்து உடனே தொடங்கிவிடலாம் என்று சொன்னார்கள். காத்திருப்பது ஆபத்து என்று வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் சொன்ன பிறகு எந்தக் குடும்பம் காத்திருக்கும்? கொஞ்ச வருஷத்துக்கு முன்பு வாங்கின நாட்டுப்படகு ஒன்று இருந்தது, அதை இன்ஜின், வலையோடு சேர்த்து வந்த விலைக்குக் கொடுத்தார்கள். சித்தியின் நகை கூட்டுறவு வங்கிக்குப் போனது. ஊசியும் போட்டாகிவிட்டது.

அப்புறம்தான் ஜீன் முடிவு வந்தது. ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருக்கிறது என்று, அதாவது புற்றுநோய் செல்லை வளரத் தூண்டுகிற ஒரு ஜீன் மாறியிருக்கிறது என்று.

இந்த மாற்றம் இருப்பவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டியது மாத்திரை. ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப், ஒசிமெர்டினிப் என்று இருக்கின்றன. இம்யூனோதெரபி ஊசி இவர்களிடம் அவ்வளவாக வேலை செய்வதில்லை. அதைவிடக் கொடுமை, ஊசியைப் போட்ட சூட்டோடு ஒசிமெர்டினிப்புக்கு மாறினால் நுரையீரல் அழற்சி வருகிற வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதாவது பணம் மட்டும் போகவில்லை, நல்ல மாத்திரை ஒன்றை உடனே கொடுக்க மருத்துவர் யோசிக்கிற நிலைமையும் வந்துவிட்டது. கடைசியில் ஜெஃபிட்டினிப் தொடங்கினார்கள். அதை இந்தியக் கம்பெனிகளே தயாரிக்கின்றன, ஊசியின் விலையோடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமே இல்லை. போட்ட ஊசியால் தைராய்டு பழுதாகி, காலையில் தைராக்சின் மாத்திரையும் கூடச் சேர்ந்துகொண்டது. சித்தப்பா இப்போது நடமாடுகிறார், கரையில் உட்கார்ந்து வலை சரிசெய்கிறார், சொந்தப் படகு இல்லாததால் அடுத்தவர் வலையை.

இந்தியாவில் நுரையீரல் அடினோகார்சினோமா வருகிறவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு இந்த ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருக்கிறது. வெள்ளைக்காரர்களிடம் இதைவிடக் குறைவு. அப்படியென்றால் நம் ஊரில் ஜீன் முடிவைப் பார்க்காமல் இம்யூனோதெரபி தொடங்குவது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இப்போது இரண்டாவது ஆள். மதுரையில் வார்டில் சித்தப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் சாயல்குடிப் பக்கத்து அண்ணன் ஒருவர் இருந்தார், சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். மூட்டப் புகையும் பீடிப் புகையுமாக வாழ்ந்தவர். அவருக்கு ஜீன் மாற்றம் எதுவும் இல்லை, புற்றுநோய் செல்லின் மேல் இருக்கிற பி.டி.எல்.1 என்கிற புரதத்தைப் பார்க்கிற பரிசோதனையில் அளவு 50 சதவீதத்துக்கு மேல். புத்தகத்தில் எழுதி வைத்த மாதிரி, இம்யூனோதெரபிக்கு ஏற்ற ஆள். காப்பீட்டு அட்டையை நீட்டினார்கள், கீமோவுக்கு வழி இருக்கிறது, இந்த ஊசி பேக்கேஜில் வராது என்று பதில் வந்தது. விற்பதற்கு அவரிடம் படகும் இல்லை. கீமோ மட்டும் போட்டார்கள். அவர் இப்போது உயிரோடு இல்லை. ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல முடியாது, யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தேவைப்படாத என் சித்தப்பாவுக்கு ஊசி கிடைத்தது, தேவைப்பட்ட அவருக்குக் கிடைக்கவில்லை, இரண்டையும் தீர்மானித்தது நோய் இல்லை.

ஊசி என்ன செய்கிறது என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்குவது இப்படி. உடம்பில் டி செல் என்று ஒரு காவல் இருக்கிறது. புற்றுநோய் செல் பி.டி.எல்.1 என்கிற ஒரு புரதத்தை, மீன்வளத்துறை டோக்கன் மாதிரி, மேலே ஒட்டிக்கொண்டு வரும். டி செல்லில் இருக்கிற பி.டி.1 அதைப் பார்த்ததும், சரி, அனுமதி வாங்கின படகுதான் என்று விட்டுவிடும். அந்தக் கள்ள டோக்கன் செல்லாமல் செய்வதுதான் ஊசியின் வேலை, மீதியை உடம்பின் காவலே பார்த்துக்கொள்ளும். பி.டி.1ஐக் கண்டுபிடித்த ஜப்பானின் தசுகு ஹொன்ஜோவுக்கும், இதே மாதிரி இன்னொரு தடையைப் பற்றி ஆராய்ந்த அமெரிக்காவின் ஜேம்ஸ் அல்லிசனுக்கும் 2018இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

பலன் எவ்வளவு? பி.டி.எல்.1 அளவு 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. என்கிற ஜீன்களில் மாற்றம் இல்லாத, நோய் முற்றிய 305 பேரை வைத்து நடந்த கீநோட்-024 ஆய்வில், பெம்ப்ரோலிசுமாப் போட்டவர்களில் 31.9 சதவீதம் பேர் ஐந்து ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். கீமோவில் தொடங்கியவர்களில் 16.3 சதவீதம். நான்காம் நிலை நுரையீரல் புற்றுநோய் என்றாலே நாள் எண்ணிக்கொண்டிருந்த காலத்தை நினைத்தால் இது பெரிய விஷயம். அதே நேரம், பொறுக்கியெடுத்த அந்தக் கூட்டத்திலேயே மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஐந்து ஆண்டைத் தாண்டவில்லை என்பதும் அதே கணக்குதான், அதை யாரும் வீட்டாரிடம் சொல்வதில்லை. மருத்துவர்கள் இந்த இரண்டு பாதியையும் சேர்த்துச் சொல்கிற பழக்கம் வந்தாலே பாதிப் படகுகள் விற்கப்படாமல் தப்பும்.

பணக் கணக்குக்கு வருகிறேன், அதுதான் என் தொழில். பெம்ப்ரோலிசுமாப் 200 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒரு முறை. ஒரு குப்பியில் 100 மில்லிகிராம், ஆக ஒரு தவணைக்கு இரண்டு குப்பி. அச்சிட்ட விலை ஒரு குப்பிக்கே லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. ஆண்டுக்கு 17 தவணை, ஆய்வில் கொடுத்த மாதிரி இரண்டு ஆண்டு என்றால் 35. நம் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். இதை நான் மேலே கூட்டிக் காட்ட வேண்டியதில்லை. ஒன்றிய அரசு 2021இல் இந்த மருந்துக்கு ஜி.எஸ்.டி.யை 12 சதவீதத்திலிருந்து 5 ஆக்கியது, 2023 ஏப்ரலிலிருந்து அடிப்படை சுங்க வரியையும் எடுத்துவிட்டது, டர்வாலுமாபுக்கு 2024 பட்ஜெட்டில் சுங்க வரியை எடுத்தது. நல்லதுதான். ஆனால் மீன்பிடித் தடைக்காலத்தில் 8,000 ரூபாய் நிவாரணத்தை வைத்து இரண்டு மாதம் ஓட்டுகிற வீட்டுக்கு, லட்சங்களில் அந்த வரி மட்டும் குறைவதும் ஒன்றுதான், குறையாததும் ஒன்றுதான். கம்பெனிகள் நடத்துகிற உதவித் திட்டங்களில் சில தவணை வாங்கினால் மீதி இலவசம் என்று வருவதுண்டு, அந்தச் சில தவணைக்கே பணம் புரட்ட முடியாதவர்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே நீங்கள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். அமெரிக்காவில் 2015 அக்டோபரில் பெம்ப்ரோலிசுமாபுக்கு நுரையீரல் புற்றுநோயில் அனுமதி கொடுத்தபோது அளவு 200 மில்லிகிராம் இல்லை, எடையில் ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம். 1,034 பேரை வைத்து நடந்த கீநோட்-010 ஆய்வில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் போட்டவர்களும் 10 மில்லிகிராம் போட்டவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பலன் பெற்றார்கள், இரண்டு பிரிவுமே டோசிடாக்செல் கீமோவைவிட நன்றாக இருந்தது. எல்லாருக்கும் ஒரே 200 என்று ஆனது அதற்குப் பிறகுதான். அந்த ஊர் ஆட்களுக்கு அது சரியாக இருக்கலாம். சாயல்குடி அண்ணன் 50 கிலோகூட இருக்கமாட்டார். 50 கிலோ ஆளுக்கு எடைப்படி 100 மில்லிகிராம், ஒரே ஒரு குப்பி, செலவு அப்படியே பாதி. ஒரே நாளில் நாலு பேரை வரவழைத்துப் போட்டால் குப்பியில் மிஞ்சுவதும் வீணாகாது. இதை உங்கள் நிபுணர் குழு உட்கார்ந்து பேசி, அரசு மருத்துவமனைகளுக்கு ஒரு நெறிமுறையாக எழுதிக் கொடுக்க என்ன தடை?

அளவைக் குறைப்பதில் மும்பை டாடா நினைவு மருத்துவமனை இன்னும் துணிந்து போயிருக்கிறது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு, வழக்கமாக இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம் போடுகிற நிவோலுமாபை மூன்று வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராம் என்று, விலை குறைந்த மாத்திரைக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு தாண்டியவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆகக் கூடியதாக 2022இல் வெளியிட்டார்கள். அது தலை, கழுத்துக்கான முடிவு, அதை அப்படியே தூக்கி நுரையீரலுக்கு வைத்துவிட முடியாது என்பது எனக்கும் புரிகிறது. அதனால்தான் கேட்கிறேன். இந்த மாதிரி ஒரு ஆய்வை நுரையீரல் புற்றுநோய்க்கு, மதுரை, காரப்பேட்டை, அடையாறு மருத்துவமனைகள் சேர்ந்து, தமிழ்நாடு அரசு தன் பணத்தில் நடத்தலாமே. மருந்தைக் குறைவாகப் போடலாமா என்று கண்டுபிடிக்க எந்த மருந்துக் கம்பெனியும் பணம் கொடுக்கப்போவதில்லை.

மருத்துவப் பணிகள் கழகத்தாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1994இல் தொடங்கி, மாநிலம் முழுவதற்கும் மருந்தை ஒரே இடத்தில் மொத்தமாக வாங்கி, மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துக்கொண்டு போகிற அளவுக்கு நடத்திக் காட்டியவர்கள் நீங்கள். நிவோலுமாபின் இந்தியக் காப்புரிமை 2026 மே மாதத்தோடு முடிகிற ஒன்று. காப்புரிமை போனால் உள்நாட்டுத் தயாரிப்பு வரும், விலை இறங்கும், ஆனால் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக மருந்துக்கடையில் நின்று பேரம் பேசினால் அந்த இறக்கம் எங்கள் கைக்கு வந்து சேராது. நீங்கள் மொத்தமாக டெண்டர் விட்டால்தான் சேரும். இன்னொரு காரணமும் இருக்கிறது. 2024 மார்ச்சில் டெல்லி காவல்துறை ஒரு கும்பலைப் பிடித்தது நினைவிருக்கும். விலை உயர்ந்த புற்றுநோய் ஊசிகளின் காலிக் குப்பிகளைச் சேகரித்து, உள்ளே வேறு மருந்தை நிரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். இங்கேயும் வாட்ஸ்அப்பில் பாதி விலைக்கு ஊசி வாங்கித் தருகிறேன் என்று ஆட்கள் வருகிறார்கள், கடனில் மூழ்கினவன் அதைப் பிடிக்கத்தான் செய்வான். அரசுக் கிடங்கிலிருந்து வருகிற குப்பி என்றால் அந்தப் பயம் இல்லை. போட்டு முடிந்ததும் காலிக் குப்பியை வீட்டார் கண் முன்னாலேயே உடைத்துப் போடச் சொல்லி ஒரு சுற்றறிக்கையும் அனுப்பிவிடுங்கள்.

எங்கே போடுவது என்பது அடுத்தது. ஊசி ஏறுவதற்கு அரைமணி நேரம்தான். அதற்காகப் பாம்பன் தீவிலிருந்து மதுரைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல், மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மூச்சு வாங்குகிற ஒருவரை, கூட ஒருவர் வேலையைப் போட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போய் வர வேண்டும். 2022 டிசம்பரிலிருந்து புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கும் வரை தீவுக்குள் ரயிலே வரவில்லை, அந்தக் காலத்தில் சிகிச்சை எடுத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரை எய்ம்ஸின் முதல் மாணவர்களே கட்டடம் இல்லாமல் இங்கே வந்துதான் வகுப்பைத் தொடங்கினார்கள். எய்ம்ஸுக்கே இடம் கொடுத்த கல்லூரியில் நாலு சாய்வு நாற்காலியும், 2 முதல் 8 டிகிரியில் மருந்து வைக்கிற ஒரு ஃபிரிட்ஜும், பயிற்சி பெற்ற செவிலியர் இரண்டு பேரும் இருக்க முடியாதா? மாவட்ட மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் மூன்று ஆண்டுகளில் பகல்நேரப் புற்றுநோய் மையம் என்று ஒன்றிய அரசு 2025 பட்ஜெட்டில் சொல்லியிருக்கிறது, அதை எங்கள் மாவட்டத்துக்கு முதலில் கேட்டு வாங்குங்கள். முதல் தவணையை மதுரையில் போட்டுத் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு மீதியை இங்கே போடலாம். பெம்ப்ரோலிசுமாபை ஆறு வாரத்துக்கு ஒரு முறை 400 மில்லிகிராம் என்று போடுகிற முறையும் இருக்கிறது, அலைச்சல் பாதியாகும்.

பக்கத்தில் போட வேண்டும் என்பதற்கு அலைச்சலைவிடப் பெரிய காரணம் பக்கவிளைவு. காவலைக் கட்டவிழ்த்து விட்டால் அது சில நேரம் நல்ல உறுப்பையும் கடிக்கும். தைராய்டு, குடல், கல்லீரல், தோல், நுரையீரல், அட்ரினல், சிலருக்குத் திடீரென்று சர்க்கரை நோய். ஊசியை நிறுத்தி மாதங்கள் கழித்துக்கூட வரலாம். நுரையீரல் அழற்சி வந்தவர் இருமிக்கொண்டு மண்டபத்திலோ தேவிபட்டினத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் சளி என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்து அனுப்புவார்கள், தேவைப்படுவதோ ஸ்டீராய்டு, அதுவும் சீக்கிரம். குடல் அழற்சியில் வயிற்றுப்போக்கு போகிறவருக்கு ஓ.ஆர்.எஸ். மட்டும் போதாது. இந்த ஊசி போட்டவர் என்று தமிழில் அச்சடித்த ஒரு அட்டை, அதில் எந்த ஊசி, எப்போது போட்டது, இரவில் கூப்பிட்டால் எடுக்கிற ஒரு தொலைபேசி எண், இவ்வளவுதான். மக்களைத் தேடி மருத்துவம் என்று வீடு வீடாக சர்க்கரை மாத்திரை கொண்டு வருகிற அக்காமாருக்கும் இந்த அட்டையைப் பார்த்தால் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டால், எங்கள் கரையில் அவர்களைவிட வேகமாகச் செய்தி கொண்டு போகிறவர்கள் யாரும் இல்லை.

பரிசோதனைக்குத் திரும்புகிறேன், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். பயாப்சியில் எடுக்கிற துணுக்கு மிகச் சிறியதாக இருந்தால் பி.டி.எல்.1 பார்க்கத் தேவையான 100 புற்றுநோய் செல்கூட அதில் தேறாது, மறுபடி பயாப்சி எடுக்க வேண்டும். முதல் தடவையே போதுமான அளவு எடுக்கச் சொல்லுங்கள். அந்தத் துணுக்கை வைத்திருக்கிற மெழுகுக் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எங்கள் கையில் கொடுத்து, சென்னையில் இந்த லேபுக்கு அனுப்பிவிடுங்கள் என்கிறார்கள். நாங்கள் அதைக் கூரியரில் போட்டுவிட்டு, போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் தூங்காமல் கிடக்கிறோம். சளியில் காசநோய்க் கிருமியைப் பார்க்கிற பரிசோதனைக்கு மாநிலம் முழுக்க ஒரு பாதை போட்டுவிட்டீர்கள், மாதிரி தானாகப் போகிறது, முடிவு தானாக வருகிறது. அதே பாதையில் இந்த மெழுகுக் கட்டியும் போகட்டும். ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே., பி.டி.எல்.1 மூன்றும் காப்பீட்டில் சேரட்டும், முடிவு வரும் வரை இம்யூனோதெரபி தொடங்கக் கூடாது என்று காப்பீட்டில் பதிவான மருத்துவமனைகளுக்கு எழுத்தில் கொடுங்கள். காத்திருக்க முடியாத நிலைமை என்றால் கீமோவை மட்டும் தொடங்கலாம், ஊசியை முடிவு வந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம். மருத்துவர்கள் பலர் செய்வதும் அதுதான்.

அதோடு, கிருமி தெரியாமல் காசநோய் மாத்திரை தொடங்கினவர் சில வாரத்தில் தேறவில்லையென்றால் சி.டி. எடுத்தே ஆக வேண்டும் என்ற விதியும் வேண்டும். பீடி குடிக்கிறவரா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள், புகையே பிடிக்காத பெண்களுக்கும் வருகிறது.

காப்பீட்டு அலுவலர்களே, எந்த நோய்க்கு, எந்த நிலைக்கு, எந்தப் பரிசோதனை முடிவுக்கு, எந்த ஊசி வரும், எந்த ஊசி வராது என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, அரசு மருத்துவமனை வாசலிலும் ஆட்சியர் அலுவலகத்திலும் மீன்வளத்துறை டோக்கன் கொடுக்கிற இடத்திலும் ஒட்டுங்கள். வராது என்றால் வராது என்றே எழுதுங்கள், அதைத் தெரிந்துகொள்ள ஒரு குடும்பம் மூன்று கவுன்டரில் நிற்க வேண்டாம்.

இதைப் பற்றிப் பேச ராமநாதபுரத்தில் ஒரு கூட்டம் போடுவதாக இருந்தால் ஏப்ரல் 15க்கும் ஜூன் 14க்கும் நடுவில் போடுங்கள். தடைக்காலத்தில்தான் விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள். சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், ரிப்போர்ட் எல்லாம் ஒரே கோப்பில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்திலிருந்து ஒரு கணக்கெழுதுகிறவள்